ஃபோர்த் விங், ஹவுஸ்மெய்ட், ஹேப்பி பிளேஸ் முடித்தாயிற்று, அடுத்து எது?

திண்ணை_வாசகி:

ஆங்கிலத்தில் இப்போது கடைக்குள் நுழைந்ததும் கண்ணில் படுகிற ஃபேண்டசி, த்ரில்லர், ரொமான்ஸ் என்ற மூன்று வகையிலும் ஒவ்வொன்று படித்தேன். ரெபெக்கா யாரோஸின் ஃபோர்த் விங், ஃப்ரீடா மெக்ஃபேடனின் தி ஹவுஸ்மெய்ட், எமிலி ஹென்றியின் ஹேப்பி பிளேஸ்.

ஃபோர்த் விங் தொடக்கம் பிரமாதம். கல்லூரியில் சேரவே குறுகலான மதில்மேல் நடந்து போக வேண்டும், கால் தவறினால் சாவு. ஆனால் அந்த நாட்டின் எல்லை, வரலாறு, போர் எல்லாவற்றையும் கதாநாயகி பயத்தில் பாடம் ஒப்பிப்பதுபோல ஒப்பிக்கிறாள். உலகம் கட்டப்படவில்லை, வாசிக்கப்படுகிறது. ஹவுஸ்மெய்டில் பாதியில் வருகிற திருப்பம் தூக்கிவாரிப் போட்டது. மறுநாள் யோசித்தால் ஏமாற்றிவிட்டார்களோ என்று சந்தேகம். ஹேப்பி பிளேஸில் நண்பர் கூட்டம் அருமை. காதலர்கள் ஏன் பிரிந்தார்கள் என்பதுதான் ஒட்டவில்லை. உட்கார்ந்து பத்து நிமிடம் பேசியிருந்தால் நாவலே கிடையாது.

கேள்விகள்: ஃபோர்த் விங்கின் இரண்டாம் பாகமான அயர்ன் ஃபிளேமைத் தொடரலாமா? உலகம் உறுதியாக இருக்கிற, ஒரே புத்தகத்தில் முடிகிற ஃபேண்டசி உண்டா? அழுகுணி ஆட்டம் ஆடாத த்ரில்லர்? பிரிவுக்கு நியாயமான காரணம் உள்ள ரொமான்ஸ்? ஒரு நாளைக்கு 30 பக்கம்தான் ஓடும். வீட்டில் பதினைந்து வயதுப் பெண்ணும் அலமாரியிலிருந்து எடுத்துப் படிப்பாள், அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள். ஸ்பாய்லர் வேண்டாம்.

ஏழாம்_படி:

முதலில் அவசரமான விஷயம். ஃபோர்த் விங் கல்லூரிக் கதை என்பதால் இளையோர் நாவல் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, அது பெரியவர்களுக்கான புத்தகம். பிற்பகுதியில் படுக்கையறைக் காட்சிகள் விரிவாகவே இருக்கின்றன. அலமாரியில் மேல் தட்டுக்கு ஏற்றிவிடுங்கள்.

அயர்ன் ஃபிளேம் முதல் பாகம் வந்து ஆறே மாதத்தில், 2023 நவம்பரில் வெளிவந்தது. 600 பக்கத்தைத் தாண்டும். அந்த அவசரம் உள்ளே தெரிகிறது. இரண்டு நாவலை ஒன்றாகத் தைத்த மாதிரி நடுவில் ஒரு தையல். இரண்டாம் பாதியில் புதுப் பெயர்கள் கொட்டுகின்றன, முதல் பாகத்தில் முகம் பதியாத துணைப் பாத்திரங்கள் திடீரென்று முக்கியமாகிறார்கள். காதலர்கள் இருவரும் 'என்னிடம் எதை மறைத்தாய்' என்ற ஒரே சண்டையைத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். உங்களுக்குப் பிடித்தது கல்லூரியும் பயிற்சியும் என்றால் முதல் பாதி திருப்தி தரும், அதற்குமேல் பொறுமை வேண்டும். மூன்றாவது, ஆனிக்ஸ் ஸ்டார்ம், 2025 ஜனவரியில் வந்தது, அந்தரத்தில் நிற்கிறது. தொடர் ஐந்து பாகம் என்பது ஆசிரியரின் திட்டம். நாளைக்கு 30 பக்கம் படிப்பவருக்கு முடியாத தொடரில் ஒரு தொல்லை உண்டு: அடுத்த பாகம் வரும்போது இதுவரை நடந்தது பாதி மறந்திருக்கும்.

உலகம் உறுதியாக இருக்கிறதா என்று பார்க்க வரைபடத்தையோ பெயர்களின் எண்ணிக்கையையோ எண்ண வேண்டாம். மந்திரத்துக்கு அன்றாட வாழ்க்கையில் என்ன விலை என்று பாருங்கள். பிராண்டன் சாண்டர்சனின் டிரெஸ் ஆஃப் தி எமரால்ட் சீ (2023) இதற்கு நல்ல பாடம். அங்கே கடலில் தண்ணீர் கிடையாது, பச்சைத் துகள்கள்தான். ஒரு சொட்டு ஈரம் பட்டாலும் துகள் வெடித்துக் கொடியாக நீளும். ஆகவே கப்பலில் வியர்வையும் கண்ணீரும்கூட ஆபத்து. துகளைச் செயலிழக்க வைப்பது வெள்ளி, அதனால் கப்பலுக்கு வெள்ளி உயிர்நாடி. அடியிலிருந்து காற்று குமிழியிட்டு எழும்போதுதான் துகள் நீர்மம்போல் ஓடும். காற்று நின்றால் கப்பல் அப்படியே சிக்கிக்கொள்ளும். இந்த நாலைந்து விதிகளிலிருந்தே சண்டை, வணிகம், கொள்ளை எல்லாம் பிறக்கின்றன. யாரும் வரலாறு ஒப்பிப்பதில்லை. ஒரே புத்தகம், காதலனைத் தேடிப் போகும் பெண்ணின் கதை, பதினைந்து வயதுக்கும் தடையில்லை. ஒரு குறை: கதைசொல்லி கொஞ்சம் வாயாடி. இரண்டு பக்கத்துக்கு ஒரு நகைச்சுவை சொல்லியே தீருவார். முதல் ஐந்து அத்தியாயத்தில் அது எரிச்சலூட்டினால் கடைசிவரை எரிச்சல்தான். மற்றபடி இந்த ஆசிரியரின் விண்ட் அண்ட் ட்ரூத் (2024) பக்கம் இப்போது போக வேண்டாம். 1,300 பக்கத்துக்கு மேல், அதுவும் ஐந்தாம் பாகம்.

இன்னும் சின்னதாக வேண்டுமென்றால் டி. கிங்ஃபிஷரின் நெட்டில் அண்ட் போன். அறிபுனை, ஃபேண்டசி நூல்களுக்கான ஹ்யூகோ விருதை 2023இல் வாங்கியது. மந்திரக்காரி ஒருத்தி, பேய் பிடித்த கோழி ஒன்று, எலும்புகளைக் கோத்துச் செய்த நாய். அக்காவைக் கொடுமைக்கார இளவரசனிடமிருந்து மீட்பதுதான் கதை. தொடக்கத்தில் காலம் முன்னும் பின்னும் தாவும், குழம்ப வேண்டாம். சீக்கிரமே நேர்க்கோட்டுக்கு வந்துவிடும். வீட்டு வன்முறை பற்றிய கதை என்பதால் பெண்ணுக்குக் கொடுக்குமுன் நீங்கள் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

முடிச்சு:

ஹவுஸ்மெய்ட் பாதி நியாயம், பாதி அழுகுணி. பிரித்தே சொல்லலாம், திருப்பத்தைத் தொடாமல்.

நியாயமான பாதி: வீட்டு வேலைக்கு வரும் நாயகி மில்லிக்குக் கொடுக்கிற மாடி அறையின் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருக்கிறது, கதவின் உட்பக்கம் கீறல்கள், சன்னல் திறக்கவில்லை, தோட்டக்காரன் இத்தாலிய மொழியில் ஏதோ எச்சரிக்கிறான். எல்லாம் தொடக்கத்திலேயே நம் கண்முன் வைக்கப்படுகின்றன. நாம்தான் அவற்றைத் தவறான ஆள்மேல் ஏற்றுகிறோம். த்ரில்லர் செய்ய வேண்டியது அதுதான். அழுகுணிப் பாதி: மில்லி தன்மையில் கதை சொல்கிறாள், சிறைக்குப் போய் வந்ததையும் சொல்கிறாள். எதற்குப் போனாள் என்பதை மட்டும் பொத்தி வைத்துக்கொள்கிறாள். தன் தலைக்குள்ளேயே நம்மை உட்கார வைத்துவிட்டு, கதைக்குத் தேவை என்பதற்காக ஒரு நினைவை மட்டும் நினைக்காமல் இருப்பது ஒப்பந்த மீறல். தெரியாதவன் சொல்லாமல் இருக்கலாம். தெரிந்தவன் காரணமில்லாமல் சொல்லாமல் இருந்தால் எழுதியவரின் கை வெளியே தெரிகிறது.

சோதிக்க வழி: முடித்தவுடன் முதல் மூன்று அத்தியாயத்தைத் திரும்பப் படியுங்கள். ஒவ்வொரு வரிக்கும் இப்போது இரண்டாவது அர்த்தம் கிடைத்தால் நல்ல திருப்பம். சில வரிகள் வெறும் பொய்யாக நின்றால் மோசடி. திரைப்படம் 2025 டிசம்பரில் வந்துவிட்டது. படத்தை முதலில் பார்த்தவருக்குப் புத்தகத்தில் மிஞ்சுவது குறைவு, ஏனென்றால் நடையில் தனியாக ருசிக்க எதுவும் இல்லை. சின்னச் சின்ன அத்தியாயம், ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு கொக்கி. மாத நாவல் படித்து வளர்ந்தவர்களுக்குப் பழகிய கைதான். அடுத்தடுத்த பாகங்களில் அதே கொக்கி மழுங்குகிறது.

உங்களுக்கு நான் சொல்வது லிஸ் மூரின் தி காட் ஆஃப் தி வுட்ஸ் (2024). நியூயார்க் மாநிலத்து அடிரோண்டாக் மலைக்காட்டில் கோடை முகாம். 1975 ஆகஸ்டில் முகாமின் உரிமையாளர் மகள் படுக்கையில் இல்லை. அவளுடைய அண்ணன் 1961இல் அதே காட்டில் காணாமல் போனவன். பல பேர் பார்வையில், பல ஆண்டுகளுக்கு முன்னும் பின்னும் கதை நகரும். ஆனால் யாரும் தனக்குத் தெரிந்ததை வாசகரிடம் செயற்கையாக ஒளிப்பதில்லை. ஒவ்வொருவருக்கும் தெரிந்தது கொஞ்சம்தான், பணக்கார வீட்டில் அந்தக் கொஞ்சத்தைக்கூட யாரும் வாய்விட்டுச் சொல்ல முடியாது. இரண்டு எச்சரிக்கை. அத்தியாயத் தலைப்பில் காலங்களை வரிசையாகப் போட்டு, இப்போது எந்தக் காலம் என்பதைத் தடித்த எழுத்தில் காட்டியிருப்பார்கள். அதைத் தாண்டிப் போனால் இருபதே பக்கத்தில் தொலைந்துவிடுவீர்கள். ஆடியோபுக்கில் அந்த வரிசை கண்ணில் படாது, அதனால் அச்சுப் புத்தகமே நல்லது. அடுத்தது, வேகம் மெதுவு. முதல் 150 பக்கம் குடும்பத்தையும் முகாமையும் கட்டுவதற்கே போகும்.

பெண்ணுக்கு என்றால் ரிச்சர்ட் ஒஸ்மானின் தி தர்ஸ்டே மர்டர் கிளப். முதியோர் குடியிருப்பில் நான்கு பேர் பழைய கொலைகளை ஆராய்கிறார்கள். பதைபதைப்பு குறைவு, சிரிப்பு அதிகம்.

கடைசி_வரி:

முடிச்சு சொல்வதோடு ஒத்துப்போக முடியவில்லை. 'தன்மையில் சொல்பவர் எதையும் மறைக்கக் கூடாது' என்று சட்டம் போட்டால் துப்பறியும் கதையில் பாதியைத் தூக்கி எறிய வேண்டியிருக்கும். மில்லி வேலைக்காகப் பொய் சொல்லிச் சேர்ந்தவள். வெளியே சொல்ல முடியாத ஒன்றைத் தனக்குள்ளும் தள்ளி வைப்பது அவள் குணத்துக்கு ஒட்டும். அந்த நாவலின் உண்மையான ஓட்டை வேறு: இரண்டாம் பாதியில் திட்டம் பலிக்க வேண்டுமானால் மூன்று பேர் சரியாக எதிர்பார்த்தபடியே நடந்துகொள்ள வேண்டும். ஒருவர் ஒரு நாள் தாமதித்தாலும் கவிழ்ந்துவிடும்.

மரிக்கொழுந்து:

ரொமான்ஸ் பக்கம் வருகிறேன். இந்த வகையின் ஒப்பந்தம் எளியது: காதல்தான் மையக் கதை, முடிவு நம்பிக்கை தர வேண்டும். சேர்வார்கள் என்பது முதல் பக்கத்திலேயே தெரியும். ஆகவே எல்லாப் பாரமும் தடையின்மேல் விழுகிறது. நாவலின் முக்கால் பங்கில் ஒரு பிரிவு வைப்பது வழக்கம், அங்கேதான் பெரும்பாலானவை சறுக்குகின்றன. நீங்கள் சொன்ன 'பத்து நிமிடப் பேச்சு' சரியான உரைகல். ஹேப்பி பிளேஸ் அதில் தோற்கிறது என்பதில் நானும் உங்கள் கட்சி. ஆனால் அதில் பிரிவு கதை தொடங்குமுன்பே நடந்துவிடுகிறது. நண்பர்களுக்காகச் சேர்ந்திருப்பதுபோல நடிப்பதுதான் கதை. அந்த நடிப்பு நன்றாக எழுதப்பட்டிருப்பதால்தான் காரணம் இன்னும் சின்னதாகத் தெரிகிறது.

அதே எமிலி ஹென்றியின் புக் லவர்ஸ் (2022) எடுங்கள். நோரா நியூயார்க்கில் இலக்கிய முகவர், சார்லி பதிப்பாசிரியர். கிராமத்துக்குப் போன நகரத்து ஆண் அங்கேயே காதலில் விழுந்து, ஊரில் விட்டுவந்த காதலியைக் கைவிடுவான் என்று ஒரு கதை வகை உண்டே, அந்தக் கைவிடப்பட்ட நகரத்துப் பெண்தான் இங்கே நாயகி. இருவரும் புத்திசாலிகள், பேசத் தெரிந்தவர்கள். எல்லாவற்றையும் பேசிய பிறகும் வேலை, தங்கை, பெற்றோர் என்று உண்மையான கட்டுகள் மிச்சமிருக்கின்றன. தடை பேச்சால் தீராது. அவர் எழுதியவற்றில் கட்டமைப்பில் இறுக்கமானது இதுதான் என்பேன். ஃபன்னி ஸ்டோரி (2024) இன்னும் இலகு. நாயகி குழந்தைகள் நூலகர், நூலகக் காட்சிகளில் வேலையின் வாசனை இருக்கிறது. கிரேட் பிக் பியூட்டிஃபுல் லைஃப் (2025) காதலுக்காக வாங்கினால் ஏமாற்றம். ஏறக்குறைய பாதி நாவல் முதியவள் ஒருத்தியின் குடும்ப வரலாறு. எனக்கு அந்தப் பாதிதான் பிடித்தது, அது வேறு விஷயம்.

அட்டையை நம்ப வேண்டாம். பத்து ஆண்டுக்கு முன்பு அட்டையைப் பார்த்தாலே உள்ளே என்ன இருக்கும் என்று தெரியும். இப்போது எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி கார்ட்டூன் படம். அலி ஹேசல்வுட்டின் தி லவ் ஹைப்போதசிஸ் அட்டையைப் பார்த்துப் பள்ளிப் பெண்ணுக்கு வாங்கிக் கொடுத்தால், பின்பாதியில் ஓர் அத்தியாயத்துப் படுக்கையறைக் காட்சி அதிர்ச்சி தரும். எமிலி ஹென்றியிடமும் மிதமாக உண்டு. படுக்கையறைக் கதவைச் சாத்திவிடும் வகை வேண்டுமென்றால் கேத்தரின் சென்டர் நம்பகமானவர். தி ராம்-காமர்ஸ் (2024) முத்தத்தோடு நிற்கும். திரைக்கதை எழுதும் இருவரின் கதை, அப்பாவைக் கவனித்துக்கொள்ளும் மகளின் பொறுப்பு தடையாக வருகிறது. வாங்குமுன் ஸ்டோரிகிராஃப் தளத்தில் தலைப்பைத் தேடினால், படித்தவர்கள் குறித்துவைத்த உள்ளடக்க எச்சரிக்கைகளும் வேகமும் கிடைக்கும். நட்சத்திர எண்ணிக்கையைவிட அது பயன்படும். கிண்டிலில் மாதிரிப் பகுதியையும் இறக்கிப் பாருங்கள். ஆனால் அது தொடக்கத்தை மட்டும்தான் காட்டும். ரொமான்ஸில் தொடக்கம் எல்லோருக்கும் நன்றாகத்தான் வரும்.

திண்ணை_வாசகி:

எல்லோருக்கும் நன்றி. டிரெஸ், புக் லவர்ஸ் இரண்டும் பட்டியலில் ஏறிவிட்டன. மூன்று வகையும் ஒன்றில் கலந்தது என்று தி மினிஸ்ட்ரி ஆஃப் டைம் பெயர் அடிபடுகிறதே, தேறுமா?

ஏழாம்_படி:

முதல் முக்கால் பங்கு தேறும். காலியான் பிராட்லியின் முதல் நாவல், 2024. அருகாமை எதிர்காலத்து லண்டனில் அரசு அமைச்சகம் ஒன்று சாகவிருந்த ஆட்களைக் கடந்த காலத்திலிருந்து கொண்டுவருகிறது. அவர்களில் ஒருவர் கிரஹாம் கோர், 1845இல் ஆர்க்டிக் வழியைத் தேடிப் போய் அழிந்த ஃபிராங்க்ளின் பயணத்தில் உண்மையிலேயே இருந்த கடற்படை அதிகாரி. அவரோடு ஒரே வீட்டில் தங்கி இந்தக் காலத்துக்குப் பழக்கிவிடும் அரசு ஊழியப் பெண்தான் கதை சொல்கிறாள். மிதிவண்டி, துணி துவைக்கும் இயந்திரம், பேரரசு என்ன ஆயிற்று என்ற கேள்வி, இதெல்லாம் கூர்மையாகவும் சிரிப்பாகவும் வருகின்றன. காதல் மெதுவாக ஊறுகிறது. கடைசிக் கால் பங்கில் உளவு த்ரில்லர் ஓடிவந்து ஏறிக்கொள்கிறது. அதுவரை காலப் பயண விதிகளைப் பற்றி அலட்டிக்கொள்ளாத புத்தகம் முடிவை அதே விதிகள்மேல் தொங்கவிடுகிறது. அந்தப் பாரத்தை அவை தாங்கவில்லை. ரொமான்ஸ் வாசகராகப் படித்தால் நிறைவு, த்ரில்லர் வாசகராகப் படித்தால் குறை.

மரிக்கொழுந்து:

இதுவும் மேல் தட்டுக்குத்தான். பெண்ணுக்கு டிரெஸ்ஸைக் கொடுத்துவிட்டு நீங்கள் இதை எடுங்கள். நடுநடுவே வரும் ஆர்க்டிக் பகுதிகளைத் தாண்டிவிட வேண்டாம், சின்னவைதான். கோர் ஏன் அப்படி மௌனமாக இருக்கிறார் என்பது அங்கேதான் புரியும்.