புதுப்பிப்பு: 1998 மாருதி ஜிப்சி கிங் ஜீப்பை வாங்கிவிட்டேன்

பெங்களூரில் 4 லட்சம் சொன்ன 1998 ஜிப்சி கிங் அந்த விலை பெறுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, காந்தத்தோடு போய் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள் என்ற யோசனைதான். பின்பக்க லீஃப் ஸ்பிரிங் சேஸிஸில் மாட்டும் இடத்தில் காந்தம் ஒட்டவே இல்லை. ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினேன், பெயின்ட்டோடு, துருவை மறைக்கப் பூசியிருந்த பட்டி (காந்தம் ஒட்டாத பூச்சு) பெயர்ந்து வந்தது, உள்ளே முழுக்கத் துரு. வெல்டிங் செலவைக் கழித்து 3.3 லட்சத்துக்கு முடிந்தது. 1298 சிசி இன்ஜின் அருமையாக ஓடுகிறது.

எதிர்பாராதது ஒன்று: ஆர்சியில் (வண்டியின் பதிவுச் சான்றிதழில்) பழைய வங்கிக் கடன் பதிவு நீக்கப்படாமலே கிடந்தது. விற்றவர் வங்கியிடம் தடையில்லாச் சான்றும் கடன் பதிவை நீக்குவதற்கான படிவம் 35-உம் வாங்கித் தந்த அப்புறம்தான் பெயர் மாற்றம் நடந்தது. அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே இதைப் பாருங்கள்.