பத்து லட்சம் கடன்: கைக்கு வராத ஐம்பதாயிரம் யார் கணக்கு?

லாஸ்பேட்டை வாசி:
நேற்று இங்கே ஒருவர் தனிநபர் கடனைப் பற்றி எழுதியிருந்தார். "வங்கி சொல்லும் வட்டி ஒன்று, நாம் கட்டும் வட்டி வேறு" என்று ஊரையே பயமுறுத்தியிருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சலாக இருக்கிறது. பெஞ்சல் புயலில் பழுதான வீட்டைச் சீர்செய்ய நானும் கடன் வாங்கியவன்தான். 10,00,000 ரூபாய், 11 சதவீதம், 60 மாதம். மாதத் தவணை 21,742. மொத்தம் கட்டப்போவது 13,04,520. வட்டி 3,04,520. இதில் ஒளிந்திருக்கும் பூதம் எது? பரிசீலனைக் கட்டணமும் காப்பீடும் ஒருமுறைச் செலவு. அதைக் கொண்டுபோய் வட்டியோடு முடிச்சுப் போடுவது கணக்குத் தெரியாதவர்கள் வேலை.

திருப்பாதிரிப்புலியூர் கணக்கர்:
அந்த ஒருவர் நான்தான். நேராகவே என்னைச் சொல்லி எழுதியிருக்கலாம். முப்பது ஆண்டு கணக்கெழுதிப் பிழைத்தவனைக் கணக்குத் தெரியாதவன் என்கிறீர்கள். இருக்கட்டும். ஒரே ஒரு கேள்வி. உங்கள் சேமிப்புக் கணக்கில் வந்து சேர்ந்த தொகை எவ்வளவு?

லாஸ்பேட்டை வாசி:
9,50,000. மறைக்க ஒன்றுமில்லை. பரிசீலனைக் கட்டணம் 2 சதவீதம், 20,000. அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 3,600. காப்பீடு 26,400. ஆனால் ஒப்பந்தத்தில் கடன் தொகை 10,00,000 என்றுதான் இருக்கிறது.

திருப்பாதிரிப்புலியூர் கணக்கர்:
அதைத்தான் சொல்கிறேன். உங்கள் கைக்கு வந்தது ஒன்பதரை லட்சம், வட்டி கட்டுவது பத்து லட்சத்துக்கு. கைக்கே வராத ஐம்பதாயிரத்துக்கும் ஐந்து ஆண்டு வட்டி கட்டப்போகிறீர்கள். 9,50,000 வாங்கி மாதம் 21,742 வீதம் 60 மாதம் கட்டினால் ஆண்டு வட்டி எவ்வளவு என்று கணினியில் போட்டுப் பாருங்கள். சுமார் 13.25 சதவீதம் வரும். காப்பீட்டை விட்டுவிட்டு, கட்டணத்தையும் ஜிஎஸ்டியையும் மட்டும் சேர்த்தாலும் 12 சதவீதத்தைத் தாண்டிவிடும். 11 என்பது விளம்பரத் தட்டியில் எழுதும் எண்.

முத்தியால்பேட்டை:
கணக்கர் ஐயா, காப்பீட்டை எப்படிச் செலவில் சேர்ப்பீர்கள்? நாளைக்கு அவருக்கு ஏதாவது நேர்ந்தால் மீதிக் கடன் குடும்பத்தின் தலையில் விழாது. அதற்குக் கொடுத்த விலை அது.

திருப்பாதிரிப்புலியூர் கணக்கர்:
காப்பீடு வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? அந்தப் பணத்தையும் கடனிலேயே ஏற்றி, அதற்கும் வட்டி வாங்குவதைச் சொல்கிறேன். நானாக ஒரு விதியையும் உண்டாக்கவில்லை. ரிசர்வ் வங்கி 15.4.2024 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையில் இருக்கிறது. 1.10.2024 முதல் புதிதாகக் கொடுக்கும் தனிநபர் கடன் போன்ற சில்லறைக் கடன்களுக்கு முக்கிய விவர அறிக்கை, அதாவது கடனின் வட்டியும் கட்டணங்களும் எழுதிய தாள், கொடுத்தாக வேண்டும். அதில் ஆண்டுச் சதவீத விகிதம் என்று ஓர் எண் இருக்கும், வட்டியோடு கட்டணங்களையும் சேர்த்துக் கடன் ஆண்டுக்கு எத்தனை சதவீதம் ஆகிறது என்று காட்டுவது. காப்பீடு போல மூன்றாம் தரப்புக்காகக் கடன் கொடுப்பவர் வசூலிக்கும் கட்டணங்களையும் அந்த எண்ணில் சேர்க்க வேண்டும் என்று தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். லாஸ்பேட்டை சார், உங்கள் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். அதில் 11 என்றா இருக்கிறது?

லாஸ்பேட்டை வாசி:
எந்த அறிக்கையில் எந்த எண் இருந்தால் என்ன? என் கணக்கிலிருந்து மாதம் போவது 21,742. அடுத்த மாதமும் 21,742. அதற்கு மேல் ஒரு ரூபாய் போகவில்லை. 13.25 என்று நீங்கள் சொல்வதால் என் தவணை கூடிவிடுமா?

திருப்பாதிரிப்புலியூர் கணக்கர்:
கூடாது. கைக்கு வந்ததுதான் குறைந்துவிட்டதே. ஐம்பதாயிரம் எங்கே?

தேவனாம்பட்டினம்:
தண்டல்காரர் பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு எட்டாயிரத்து ஐந்நூறைக் கையில் கொடுப்பார். வசூலிப்பது பத்தாயிரத்தையும். எங்கள் பக்கத்து மீனவக் குடும்பங்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. படித்தவர்களுக்குத்தான் இவ்வளவு விளக்கம் தேவைப்படுகிறது.

லாஸ்பேட்டை வாசி:
தம்பி, வரம்பு மீறாதீர்கள். உரிமம் பெற்று, தணிக்கைக்கு உட்பட்டு நடக்கிற நிறுவனத்தைத் தண்டலோடு சேர்க்கிறீர்களா? தண்டல்காரர் ரசீது கொடுப்பாரா? ஜிஎஸ்டி கட்டுவாரா?

தேவனாம்பட்டினம்:
ஜிஎஸ்டியைக் கட்டியது நீங்கள். 3,600 என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

முத்தியால்பேட்டை:
இதற்கெல்லாம் சீட்டு எவ்வளவோ மேல். பதிவு செய்த சீட்டில் சேர்ந்து ஏலத்தில் எடுத்தால் இந்த ஆவணத் தொல்லையே கிடையாது.

திருப்பாதிரிப்புலியூர் கணக்கர்:
இதோ வந்துவிட்டது சீட்டு. போன முறையும் இதே இடத்தில்தான் திசை திருப்பினீர்கள். 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டத்தில் நடத்துபவரின் தரகு உச்சவரம்பு 5 சதவீதமாக இருந்தது. 2019 திருத்தத்தில் அதை 7 ஆக்கிவிட்டார்கள். அந்தத் தரகும், சீட்டை எடுப்பவர் ஏலத்தில் விட்டுக்கொடுக்கும் தள்ளுபடியும் போகக் கைக்கு வருவது எவ்வளவு என்று நீங்களாவது சொல்வீர்களா?

முத்தியால்பேட்டை:
தள்ளுபடித் தொகை சீட்டில் சேர்ந்தவர்களுக்கே பங்காகத் திரும்பி வருகிறது. அதை வசதியாக மறந்துவிட்டீர்கள்.

திருப்பாதிரிப்புலியூர் கணக்கர்:
தரகு திரும்பி வருகிறதா?

நெல்லிக்குப்பம் அம்மா:
ஆண்கள் எல்லாரும் ஐம்பதாயிரத்தைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். வீட்டில் நகை இருக்கிறவர்கள் அடமானம் வைத்து வாங்கினால் வட்டி குறைவு. பத்து லட்சத்துக்குத் தனிநபர் கடன் ஏன் என்று முதலில் யாராவது கேட்டீர்களா?

லாஸ்பேட்டை வாசி:
அம்மா, நகை என் மனைவியுடையது. அதை அடகு வைக்கச் சொல்லும் உரிமை எனக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை.

நெல்லிக்குப்பம் அம்மா:
தவணை தவறினால் வீடு தேடி ஆள் வருவார்கள். அப்போது பதில் சொல்லப்போவதும் அதே மனைவிதான். அவரிடம் 13.25 என்று சொன்னீர்களா, 11 என்று சொன்னீர்களா?

பண்ருட்டிக்காரன்:
அம்மா கேட்டது நியாயமான கேள்வி. 2011இல் தானே புயலில் முந்திரியும் பலாவும் சாய்ந்த பிறகு எங்கள் பக்கம் பலர் பிளாட் வட்டிக்குக் கடன் வாங்கினார்கள். 10 சதவீதம் பிளாட் என்றால் எல்லாருக்கும் குறைவாகத்தான் தோன்றும். பத்து லட்சத்துக்கு ஐந்து ஆண்டு வட்டி ஐந்து லட்சம், தவணை 25,000. மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே போகிறது, வட்டி மட்டும் முழு அசலுக்கே போடுகிறார்கள். குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் அது 17 சதவீதத்துக்கு மேல். லாஸ்பேட்டை சாரின் கடன் அந்த வகை இல்லை என்பதற்கு அவர் சந்தோஷப்படலாம்.

லாஸ்பேட்டை வாசி:
அப்படிச் சொல்லுங்கள். என்னுடையது குறையும் அசலுக்கான வட்டி. பண்ருட்டிக்காரரே எனக்குச் சாதகமாகப் பேசிவிட்டார். இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு அடுத்த ஆண்டு ஒரு தொகை வரவிருக்கிறது. ஒரே ஆண்டில் மொத்தமாக அடைத்துவிடுவேன். உங்கள் ஐந்து ஆண்டுக் கணக்கு என்னிடம் செல்லாது.

பண்ருட்டிக்காரன்:
சாதகமாக நான் எதுவும் பேசவில்லை. ஐம்பதாயிரத்தில் கணக்கர் சொல்வதுதான் சரி.

திருப்பாதிரிப்புலியூர் கணக்கர்:
ஒரே ஆண்டில் அடைத்தால் நிலைமை இன்னும் மோசம். பொறுமையாகப் படியுங்கள். 12 தவணையில் 2,60,904 கட்டுவீர்கள். அதில் வட்டிக்குப் போவது 1,02,000 ரூபாய்க்குச் சற்று மேல். மீதி அசலில் கழியும். 8,41,000 ரூபாய்க்குச் சற்று மேல் பாக்கி நிற்கும். தனிநபர் கடன் பெரும்பாலும் நிலையான வட்டியில்தான் கொடுக்கப்படுகிறது. முன்கூட்டி அடைக்கக் கட்டணம் கிடையாது என்று ரிசர்வ் வங்கி தனிநபர்களுக்குக் கொடுத்திருக்கும் சலுகை மாறும் வட்டிக் கடனுக்கு. உங்கள் ஒப்பந்தத்தில் 4 சதவீதம் என்று இருந்தால் ஜிஎஸ்டியோடு சுமார் 39,700 ரூபாய் ஆகிவிடும். இந்தக் கட்டணம் முக்கிய விவர அறிக்கையின் ஆண்டு விகிதத்திலும் சேராது, தனியாகத்தான் குறித்திருப்பார்கள். வட்டி, அந்த ஐம்பதாயிரம், அடைப்புக் கட்டணம் மூன்றையும் கூட்டுங்கள். ஒரே ஆண்டில் சுமார் 1,92,000 ரூபாய். ஐந்து ஆண்டுக்குப் பரவ வேண்டிய ஐம்பதாயிரம் ஒரே ஆண்டின் தலையில் வந்து உட்காருகிறது. மீதிக் காலத்துக்கான காப்பீட்டுக் கட்டணத்தைப் பாலிசி விதி அனுமதித்தால் கேட்டு வாங்குங்கள். யாரும் வீடு தேடி வந்து கொடுக்க மாட்டார்கள்.

லாஸ்பேட்டை வாசி:
'இருந்தால்', 'ஆனால்' என்றே ஒரு கணக்கா? என் ஒப்பந்தத்தை நீங்கள் பார்த்தீர்களா?

திருப்பாதிரிப்புலியூர் கணக்கர்:
நான் பார்க்கவில்லை. நீங்கள் பார்த்தீர்களா? 4 சதவீதமா, 3 சதவீதமா, இல்லவே இல்லையா? இங்கே எழுதுங்கள்.

லாஸ்பேட்டை வாசி:
பொதுவெளியில் என் ஒப்பந்தத்தை விரித்துக்காட்ட வேண்டிய கட்டாயம் எனக்கில்லை. லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம் என்று பெட்ரோல் போட முள்ளோடை தாண்டிப் புதுச்சேரி எல்லைக்குள் ஓடிவரும் கடலூர்க்காரர்கள் எங்களுக்குச் சிக்கனம் சொல்லித்தர வேண்டாம்.

தேவனாம்பட்டினம்:
வந்தால் என்ன? வரி குறைவாக இருக்கிற இடத்தில் காசு கொடுத்துத்தான் போடுகிறோம், இலவசமாக இல்லை. நீங்கள் கடலூர் வழியாகப் போகவே மாட்டீர்களா?

முத்தியால்பேட்டை:
புதுச்சேரியை இழுத்ததால் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்க் கடற்கரையில் நிற்கும் வண்டிகளில் பாதி வெளியூர்ப் பதிவு எண்தான்.

பண்ருட்டிக்காரன்:
ஊர்ச் சண்டையை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அடுத்த மாதம் எட்டு லட்சத்துக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். என்ன கேட்க வேண்டும் என்று யாராவது சொல்லுங்கள்.

திருப்பாதிரிப்புலியூர் கணக்கர்:
கையெழுத்துப் போடுவதற்கு முன்பே முக்கிய விவர அறிக்கையைக் கேளுங்கள். உங்களுக்குப் புரிகிற மொழியில் கொடுக்க வேண்டும் என்பது விதி. தமிழில் கேளுங்கள். ஏழு நாளுக்குக் குறையாத கடன் என்றால் யோசித்து முடிவெடுக்கக் குறைந்தது மூன்று வேலைநாள் அவகாசம் உண்டு. இன்றைக்கே கையெழுத்துப் போடுங்கள் என்று அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள். அந்த அறிக்கையில் இல்லாத கட்டணத்தை உங்கள் சம்மதம் இல்லாமல் பிறகு வசூலிக்க முடியாது. இரண்டு இடத்தில் கேட்டால் வட்டியை ஒப்பிடாதீர்கள், ஆண்டு விகிதத்தை ஒப்பிடுங்கள். காப்பீட்டைக் கடனில் ஏற்ற வேண்டாம் என்று விண்ணப்பத்திலேயே எழுதிக் கொடுங்கள். முக்கியமாக, கைக்கு எவ்வளவு வரும் என்று கேளுங்கள்.

லாஸ்பேட்டை வாசி:
மறுபடியும் கைக்கு எவ்வளவு! இவருக்கு வேறு பேச்சே கிடையாதா? பண்ருட்டித் தம்பி, நான் சொல்வதைக் கேளுங்கள். தவணை உங்கள் சம்பளத்துக்குள் அடங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். நான் அப்படித்தான் வாங்கினேன். ஒரு தவணைகூடத் தவறியதில்லை.

திருப்பாதிரிப்புலியூர் கணக்கர்:
தவணை தவறாமல் கட்டுவது உங்கள் நாணயம். அதை நான் குறை சொல்லவே இல்லை. ஐம்பதாயிரத்துக்குப் பதில் சொல்லுங்கள்.

லாஸ்பேட்டை வாசி:
சொல்லிவிட்டேன். அது ஒருமுறைச் செலவு.

திருப்பாதிரிப்புலியூர் கணக்கர்:
ஒருமுறைச் செலவுக்கு 60 மாதம் வட்டி ஏன் கட்டுகிறீர்கள்?

முத்தியால்பேட்டை:
கணக்கர் ஐயா, சீட்டில் பங்கு திரும்பி வருவதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

நெல்லிக்குப்பம் அம்மா:
என் கேள்விக்கும்தான் லாஸ்பேட்டை சார் பதில் சொல்லவில்லை. வீட்டில் 11 என்று சொன்னாரா, 13.25 என்றா?

லாஸ்பேட்டை வாசி:
11. ஒப்பந்தத்தில் இருப்பது 11. நாளைக்குக் கேட்டாலும் 11 என்றுதான் சொல்வேன்.

திருப்பாதிரிப்புலியூர் கணக்கர்:
அறிக்கையின் முதல் பக்கத்தைப் படமெடுத்துப் போடுங்கள். பெயரையும் கணக்கு எண்ணையும் மறைத்துவிட்டுப் போடுங்கள். அதிலும் 11 என்று இருக்கிறதா பார்ப்போம்.