புதுப்பிப்பு: ஏ.பி. சுவிட்சைத் திறந்த பிறகும் கம்பியில் மின்சாரம்

டிரான்ஸ்ஃபார்மருக்கு வரும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஏ.பி. (ஏர் பிரேக்) சுவிட்சைத் திறந்துவிட்டால் கம்பத்தில் ஏறலாமா என்று முன்பு நான் கேட்டிருந்ததற்கு, லைன்மேனாக ஓய்வுபெற்ற என் பெரியப்பாவின் விளக்கம் இது. வீட்டைத் தெருக்கம்பியிலிருந்து பிரித்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஏதோ ஒரு வீட்டில் ஜெனரேட்டரை ஓட்டினால், அதன் 230 வோல்ட் தெருக்கம்பி வழியே டிரான்ஸ்ஃபார்மருக்குள் திரும்பிச் சென்று, மறுபக்கத்தில் 11,000 வோல்ட் வரை உயரக்கூடும். மேலே இருப்பவருக்கு அது தெரியவே தெரியாது.

ஆகவே கம்பியில் மின்சாரம் இல்லை என்று சோதித்த பிறகும், வேலை நடக்கும் இடத்தின் இருபுறமும், கம்பியைத் தரையோடு இணைக்கும் எர்த் ராடு மாட்ட வேண்டும். இதில் வரிசை மாறவே கூடாது: முதலில் தரை முனையை இறுக்கிவிட்டு, காப்பிடப்பட்ட கோலைப் பிடித்தபடி கொக்கியைக் கம்பியில் மாட்ட வேண்டும், கழற்றும்போது கொக்கியை முதலிலும் தரை முனையைக் கடைசியிலும் எடுக்க வேண்டும். அவசரம் என்று இதைத் தவிர்க்கச் சொல்லும் எந்த மேலதிகாரிக்கும் மறுப்புச் சொல்லலாம் என்பதே என் உறுதியான கருத்து.