அம்மாவுக்கு ஒரே ரிமோட்: சில நாள் படம் மட்டும், சத்தம் இல்லை

பூட்டூர்க்காரி (கேள்வி):

வணக்கம். நான் ஓசூரில் இருக்கிறேன், அம்மா திண்டுக்கல்லில் தனியாக இருக்கிறார். வயது 72. இரண்டு கண்ணிலும் புரை ஆபரேஷன் ஆகிவிட்டது. சீரியல், ஞாயிற்றுக்கிழமை பட்டிமன்றம், ராத்திரி செய்தி, இவ்வளவுதான் அவர் டிவி பார்ப்பது. அதற்கு மூன்று ரிமோட். சோனி டிவிக்கு ஒன்று, கேபிள் பாக்ஸுக்கு ஒன்று, ஆம்ப்ளிஃபயருக்கு ஒன்று. மூன்றும் கறுப்பு, மூன்றும் பாலிதீன் கவருக்குள், கவருக்கு மேல் ரப்பர் பேண்ட். அடையாளத்துக்குப் பவர் பட்டன் மேல் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி வைத்திருந்தார். டிவிக்குச் சிவப்பு, பாக்ஸுக்கு மெரூன். "ரெண்டும் ஒரே மாதிரி இருக்கேம்மா" என்றால், "எனக்குத் தெரியும், நீ பேசாம இரு" என்பார்.

ஆம்ப் அப்பா 2008ல் வாங்கியது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு சவுண்ட்பார் வாங்கு என்று தயவுசெய்து யாரும் எழுத வேண்டாம். டிவியின் ஸ்பீக்கரில் அம்மாவுக்குப் பேச்சு புரிவதில்லை. அது போக, அது அப்பாவின் பெட்டி. அவ்வளவுதான்.

பொங்கல் லீவுக்குப் போகும்போது புரோகிராம் செய்யக்கூடிய ரிமோட் ஒன்று வாங்கிப் போனேன். மற்ற ரிமோட்டின் பட்டன்களைக் கற்றுக்கொள்ளும் வகை. ஒரு பட்டனை அழுத்தினால் நாலைந்து கட்டளைகளை வரிசையாக அனுப்பும்படியும் செய்யலாம். டியூப்லைட்டை அணைத்து, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் இரண்டு ரிமோட்டையும் மூக்கோடு மூக்கு வைத்து ஒவ்வொரு பட்டனாகக் கற்றுக்கொடுத்தேன். வால்யூம் பட்டனை மட்டும் மூன்று தடவை செய்ய வேண்டியிருந்தது. விரலை அழுத்தியபடியே வைத்திருந்ததுதான் தப்பு, சட்டென்று தட்டி எடுத்ததும் பிடித்துக்கொண்டது.

பச்சைப் பட்டன்: டிவி பவர், ஒரு வினாடி இடைவெளி, ஆம்ப் பவர், ஆம்ப் விழித்துக்கொள்ள நான்கு வினாடி, அப்புறம் ஆம்பில் ஆப்டிக்கல் இன்புட் (சத்தம் ஆம்புக்குள் வரும் வழி). சிவப்புப் பட்டன்: டிவி பவர், ஆம்ப் பவர். பாக்ஸை எப்போதும் ஓட விட்டுவிட்டேன். சேனல் எண்கள் பாக்ஸிடமிருந்து, வால்யூம் ஆம்பிடமிருந்து. ஆம்பின் ரிமோட் உள்ளூர்க் கடையில் வாங்கிய டூப்ளிகேட். அதில் பவருக்கு ஒரே ஒரு பட்டன்தான், டிவியிலும் அப்படியே. ஆகவே எரிய வைக்கவும் அணைக்கவும் அதே கட்டளைதான் போகிறது.

முதல் நாளே ஒரு சிக்கல். அம்மா பட்டனை அழுத்தியதும் ரிமோட்டை மடியில் போட்டுவிடுவார். பாதிக் கட்டளை புடவைக்குள் போய்விடும். "அழுத்திட்டு மூணு தடவை மெதுவா முருகான்னு சொல்லிட்டு அப்புறம் கீழ வைம்மா" என்றேன். அது சரியாகிவிட்டது, இன்றுவரை தவறாமல் சொல்கிறார். எனவே அந்தக் காரணத்தை விட்டுவிடுங்கள்.

இப்போதைய சிக்கல் வேறு. நாலைந்து நாள் நன்றாக ஓடும். திடீரென்று ராத்திரி எட்டேகாலுக்கு போன் வரும். "படம் வருது பாப்பா, சத்தம் வரல." சிவப்பை அழுத்தச் சொன்னால் டிவி அணைகிறது, ஆம்ப் எரிகிறது. மறுபடி பச்சையை அழுத்தினால் டிவி எரிகிறது, ஆம்ப் அணைகிறது. ஒன்றுக்கொன்று கோபித்துக்கொண்ட மாமியார் மருமகள் மாதிரி, ஒருவர் கூடத்துக்கு வந்தால் மற்றவர் உள்ளே போய்விடுகிறார். ஆம்பின் முகப்பில் உள்ள பட்டனை ஒரு தடவை அழுத்தினால் சரியாகிறது. ஆனால் அதற்கு அம்மா குனிய வேண்டும். இதில் புரியாத விஷயம், சில சமயம் யாரும் தொடாமலே மறுநாள் தானாகச் சரியாகிவிடுகிறது. செல் இரண்டு தடவை மாற்றியாகிவிட்டது. ரிமோட் பழுதா, என் புரோகிராம் பழுதா?

வைஃபை வாத்தியார்:

எதுக்குங்க இவ்வளவு பாடு? வைஃபையில் ஓடும் ஐஆர் பிளாஸ்டர் (ரிமோட்டுக்குப் பதிலாகக் கட்டளை அனுப்பும் சின்னப் பெட்டி) ஒன்று வாங்கி வைத்துவிடுங்கள். போனிலிருந்தே எல்லாம் நடக்கும். நீங்கள் ஓசூரில் இருந்துகொண்டே திண்டுக்கல் டிவியை அணைக்கலாம்.

பூட்டூர்க்காரி:

அம்மா வீட்டில் வைஃபை இல்லை சார். அவர் வைத்திருப்பதும் பட்டன் போன். அப்புறம், நான் இங்கிருந்து டிவியை அணைத்தால் பேய் என்று பக்கத்து வீட்டுக்கு ஓடிவிடுவார்.

பழைய ஹார்மனி ரசிகர்:

லாஜிடெக் கம்பெனியின் ஹார்மனி ரிமோட்டில் இதற்கு ஒரு வழி இருந்தது. எது எரிகிறது, எது அணைந்திருக்கிறது என்று தானே ஞாபகம் வைத்துக்கொள்ளும். கணக்குத் தப்பினால் 'ஹெல்ப்' பட்டனை அழுத்தலாம், "டிவி எரிகிறதா?" என்று திரையில் ஒவ்வொன்றாகக் கேட்டுச் சரிசெய்யும். என்னுடைய 650 மாடல் இன்னும் ஓடுகிறது. ஆனால் லாஜிடெக் 2021 ஏப்ரலில் அந்த வரிசையையே நிறுத்திவிட்டது, இப்போது புதிதாகத் தேடி வாங்கச் சொல்ல மனசு வரவில்லை. உங்கள் அம்மா அந்தக் கேள்விகளைப் படித்துப் பதில் சொல்வாரா என்பதும் சந்தேகம்தான்.

சோல்டர் அண்ணாச்சி:

தங்கச்சி, ரிமோட்டும் பழுதில்லை, உன் புரோகிராமும் பழுதில்லை. ஒரே ஒரு கேள்வி. வீட்டில் இன்வெர்ட்டர் உண்டா? உண்டு என்றால் டிவி எந்த லைனில் இருக்கு, ஆம்ப் எந்த லைனில் இருக்கு? அம்மாவிடம் கேட்டுச் சொல். திருநெல்வேலியில் முப்பது வருசமா டிவி ரிப்பேர் பார்க்கேன். தானாகக் கெட்டு தானாகச் சரியாகுதுன்னா முதல்ல பிளக்கைத்தான் பார்ப்பேன்.

பூட்டூர்க்காரி:

அண்ணாச்சி, இப்போதுதான் பேசினேன். இன்வெர்ட்டர் உண்டு. டிவியும் பாக்ஸும் இன்வெர்ட்டரில். ஆம்ப் "ரொம்பக் கரண்ட் இழுக்கும்" என்று அப்பா அந்தக் காலத்திலேயே ஃபிரிட்ஜ் பக்கத்துப் பிளக்கில் போட்டிருக்கிறார். அது நேர் லைன். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

சோல்டர் அண்ணாச்சி:

சம்பந்தமே அதுதான். மெதுவாகச் சொல்கிறேன், கூடவே வா.

மாடிப்படி லைட்டுக்குக் கீழே ஒரு ஸ்விட்ச், மேலே ஒரு ஸ்விட்ச் இருக்கும் இல்லையா? அதில் ஸ்விட்ச் மேல் பக்கம் இருந்தால் லைட் எரியுதுன்னு சொல்ல முடியுமா? முடியாது. இப்போ இருப்பதை மாற்றும், அவ்வளவுதான். உன் ரிமோட்டில் இருக்கும் பவர் கட்டளையும் அதே ஜாதி. அணைந்திருந்தால் எரிய வைக்கும், எரிந்தால் அணைக்கும். ரிமோட்டுக்கு வாய் மட்டும்தான். எதிரே இருக்கும் பெட்டி எரியுதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் காது கிடையாது. நீ மேசையில் வைத்துக் கற்றுக்கொடுத்தாயே, அப்போ மட்டும்தான் அதுக்குக் காது.

இப்போ சாயங்காலம் ஏழு மணி. அம்மா பச்சையை அழுத்தி எல்லாம் எரியுது. ஏழரைக்குக் கரண்ட் போகுது. டிவி இன்வெர்ட்டரில் இருப்பதால் கண்ணைக்கூடச் சிமிட்டாது. ஆம்ப் அணையும். ரெண்டு நிமிசத்தில் கரண்ட் வந்தாலும் ஆம்ப் எழுந்திருக்காது, ஸ்டாண்ட்பையில் சிவப்பு லைட்டோடு உட்கார்ந்திருக்கும். இதுவரை சரியா? அம்மா சலிச்சுக்கிட்டு சிவப்புப் பட்டனை அழுத்துவாங்க. டிவி அணையும், தூங்கிக்கிட்டிருந்த ஆம்ப் எழுந்துக்கும். ராத்திரி முழுக்க ஆம்ப் வெட்டியா எரியும். மறுநாள் பச்சையை அழுத்தினா டிவி எரியும், ஆம்ப் அணையும். படம் வருது, சத்தம் வரல.

தானாகச் சரியாவதும் இப்படித்தான். டிவி அணைந்து ஆம்ப் மட்டும் எரிந்துகொண்டிருக்கும்போது இன்னொரு தடவை கரண்ட் போச்சுன்னா ஆம்பும் அணைந்துவிடும். இப்போ ரெண்டும் ஒரே நிலை. கெடுத்த கரண்டே வந்து சரிபண்ணிட்டுப் போகும்.

ஆம்பையும் இன்வெர்ட்டரில் மாட்டலாம்தான். ஆனால் பேட்டரி எவ்வளவுன்னு தெரியாம சொல்ல மாட்டேன், அப்பா யோசிச்சுத்தான் பிரிச்சிருக்கார். ரெண்டையும் ராத்திரி ஸ்விட்ச் போர்டிலேயே அணைக்கச் சொல்வது இன்னொரு வழி. தினமும் எல்லாம் ஒரே நிலையிலிருந்து தொடங்கும். ஆனாலும் நடுவில் கரண்ட் போகும் அன்னைக்கு மறுபடி அம்மா குனியணும். அதனால முதல்ல ஒண்ணு செய். ஆம்போட ஒரிஜினல் ரிமோட் எங்கேன்னு தேடு. அந்தக் காலத்து ஆம்ப் பலதில் எரிய வைக்க ஒரு பட்டன், ஸ்டாண்ட்பைக்கு ஒரு பட்டன் என்று தனித்தனியா கொடுத்திருப்பான். பழைய யமஹா ரிமோட்டில் நானே பார்த்திருக்கேன். டூப்ளிகேட் செய்யிறவன் காசை மிச்சம் பிடிக்க ரெண்டையும் ஒண்ணாக்கி வித்துடுவான்.

நாற்பது கிலோஹெர்ட்ஸ்:

அண்ணாச்சி சொல்வது நூற்றுக்கு நூறு. டிவி பக்கத்துக்கு நான் கொஞ்சம் சேர்க்கிறேன். சோனியின் அகச்சிவப்பு மொழியில் பவர் பட்டனுக்கு உரிய கட்டளை எண் 21, அது மாற்றிப் போடும் கட்டளை. அதே மொழியில் 46 என்றால் 'எரி', 47 என்றால் 'அணை'. பல சோனி டிவிகளுக்கு இந்த இரண்டும் புரியும், ஆனால் கூட வரும் ரிமோட்டில் அதற்குப் பட்டன் வைப்பதில்லை. பட்டன் இல்லாததை எப்படிக் கற்றுக்கொடுப்பது? ஒரு ஈஎஸ்பி8266 போர்டு (புரோகிராம் எழுதி ஓட்டும் சின்னச் சர்க்யூட்), ஒரு ஐஆர் (அகச்சிவப்பு) எல்இடி, ஒரு ரெசிஸ்டர் இருந்தால் போதும். சென்னை ரிச்சி தெருவில் மூன்றும் ஒரே கடையில் கிடைக்கும். போர்டை 46 அனுப்பச் சொல்லிவிட்டு, உங்கள் ரிமோட்டை அதன் எதிரே வைத்துக் கற்றுக்கொள்ள விடுங்கள். அப்புறம் 47. வேலை முடிந்ததும் போர்டை எடுத்து உள்ளே வைத்துவிடலாம், ரிமோட் மறக்காது. கவனிக்க வேண்டியவை இரண்டு. சோனிக்குக் கேரியர் (ரிமோட்டின் ஒளி துடிக்கும் வேகம்) 40 கிலோஹெர்ட்ஸ், பரவலாக இருக்கும் 38 அல்ல. ஒவ்வொரு கட்டளையையும் குறைந்தது மூன்று முறை அனுப்ப வேண்டும், ஒரு முறை வந்ததைச் சோனி கண்டுகொள்ளாது.

ஒரு எச்சரிக்கையும். ஸ்விட்ச் போர்டில் அணைக்கும் யோசனை எல்இடி டிவிக்குச் சரி. ஓஎல்இடி என்றால் வேண்டாம். அது ஸ்டாண்ட்பையில் இருக்கும்போதுதான் பேனலைச் சரிசெய்துகொள்ளும்.

பூட்டூர்க்காரி (மூன்று வாரம் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. போன சனிக்கிழமை திண்டுக்கல் போயிருந்தேன்.

"அப்பா வச்சிருந்த ரிமோட்டா? பீரோவுல இருக்கே" என்றார் அம்மா, ஏதோ தினமும் பார்க்கிற பொருள் மாதிரி. பட்டுப்புடவை அடுக்குக்குக் கீழே, டெலிவரி பில்லோடு ஒரு துணிப்பையில் இருந்தது. செல் கழன்று வரவே இல்லை, உப்புப் பூத்து ஸ்பிரிங்கோடு ஒட்டியிருந்தது. உப்புத்தாளால் தேய்த்து, புதுச் செல் போட்டு, போனின் முன் கேமராவுக்கு நேரே பிடித்து அழுத்தினேன். திரையில் ஊதா நிறத்தில் சின்னதாக மினுக்கியது. உயிர் இருக்கிறது! அண்ணாச்சி சொன்ன மாதிரியே மேல் வரிசையில் இரண்டு தனிப் பட்டன். ஒன்று எரிய வைக்க, ஒன்று ஸ்டாண்ட்பைக்கு.

பச்சையில் முதலாவதையும் சிவப்பில் இரண்டாவதையும் கற்றுக்கொடுத்தேன். சோதித்தும் பார்த்தேன். டிவி ஓடும்போது ஆம்பின் பிளக் ஸ்விட்சை அணைத்துப் போட்டேன், ஆம்ப் ஸ்டாண்ட்பைக்குப் போனது. சிவப்பை அழுத்தினேன். டிவி அணைந்தது, ஆம்ப் அசையவே இல்லை. மறுபடி பச்சை. இரண்டும் எரிந்தன. சீரியல் நடுவில் சத்தம் போனால்? பச்சையை அழுத்தினால் ஆம்ப் எழுந்துவிடும், ஆனால் டிவி அணைந்துவிடும். அதனால் ஆம்பை மட்டும் எரிய வைக்கும் கட்டளையை மஞ்சள் பட்டனில் தனியாகப் போட்டேன். நாற்பது கிலோஹெர்ட்ஸ் சாரின் 46ஐச் செய்துவிட்டால் மஞ்சளே தேவையில்லை. அது அடுத்த லீவுக்கு.

வந்து எட்டு நாளாகிறது. நடுவில் இரண்டு தடவை கரண்ட் போயிருக்கிறது, சத்தத்துக்காக ஒரு போன்கூட வரவில்லை. புது ரிமோட்டும் கவருக்குள் போய்விட்டது, பச்சைக்கு ஒரு பொட்டும் ஏறிவிட்டது. மற்ற ரிமோட்டையெல்லாம் பீரோவில் வைக்கச் சொன்னால் கேட்கவில்லை, டிவி ஸ்டாண்டிலேயே வரிசையாக வைத்திருக்கிறார். "இதுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நீயா வந்து சேனல் மாத்துவ?" என்கிறார்.

சோல்டர் அண்ணாச்சி:

அம்மா சொல்றதும் நியாயம்தான். ஆனா வரிசையா வச்சிருக்கிற எல்லாத்துலயும் செல்லைக் கழட்டிடச் சொல்லு தங்கச்சி. இல்லேன்னா அதுங்களும் உப்புப் பூத்துடும்.