எழுத்து தெரிகிறது, வாசிக்க வரவில்லை: வழி சொல்லுங்கள்

வணக்கம். ஆரம்பப் பள்ளி ஆசிரியர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் உதவுங்கள்.

என் மகள் இரண்டாம் வகுப்பு, தமிழ் வழி. உயிரும் மெய்யும் தனியாகக் கேட்டால் டக்கென்று சொல்லிவிடுகிறாள். உயிர்மெய்யில்தான் சிக்கல், அதுவும் கொம்பு வந்தால். 'கொடி' என்று இருந்தால் கொம்பையும் க-வையும் சேர்த்து 'கெ' என்கிறாள், பின்னால் நிற்கும் காலை 'ர' என்று எடுத்துக்கொண்டு 'கெ-ர-டி' என்று முடிக்கிறாள். கொம்பு, க, கால் மூன்றும் சேர்ந்து ஒரே எழுத்து என்று பிடிபடவில்லை.

காதில் குறையில்லை. 'ப-ட-ம்' என்று நான் பிரித்துச் சொன்னால் உடனே 'படம்' என்கிறாள். கதை சொன்னால் குறுக்கே ஆயிரம் கேள்வி. ஆனால் தானே வாசிக்கும்போது எழுத்துக்கூட்டியே களைத்துப்போகிறாள்; வரி முடிவதற்குள் அதன் தொடக்கம் மறந்துவிடுகிறது. கண் பரிசோதனையும் செய்தாயிற்று, பார்வை சரியாக இருக்கிறது.

247 எழுத்தையும் தினமும் ஒப்பிக்க வை என்கிறார் மாமியார். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஒப்பிப்பது வேறு, சொல்லுக்குள் பார்த்து அடையாளம் காண்பது வேறு.

கால், கொம்பு, சுழி இவற்றை எந்த வரிசையில் சொல்லித் தந்தீர்கள்? ஒரே பத்தியைத் திரும்பத் திரும்ப வாசிக்க வைத்தால் வேகம் வருமா? ஸ்டோரிவீவர் தளத்தில் முதல் நிலைத் தமிழ்க் கதைகள் இலவசமாக இருக்கின்றன, அதில் கொம்பு குறைவாக வரும் கதை தெரிந்தால் பெயர் சொல்லுங்கள். எந்தக் கட்டத்தில் சிறப்புப் பயிற்றுநரைப் பார்க்க வேண்டும் என்பதையும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பெரிய உதவி.