ஷாலோஸ் தண்ணீரா, தரையா? டெல்டா சீனாரியோ போட்டி முடிவு பற்றி

கடைமடை:
முடிவு வந்த அன்று தலைமடை, ஆழமில்லாத நீர் போலத் தெரியும் ஷாலோஸ் என்ற கட்டத்தைப் பற்றி, "ஷாலோஸில் ஆள் நடக்கிறான், ஆகவே அது தரைதான்" என்று எழுதியிருந்தார். அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் இரண்டு என்ற கணினி விளையாட்டுக்கு நாம் வைத்த மேப் உருவாக்கும் போட்டியில் நிபந்தனை நான்கே நான்கு. 120க்கு 120 டைல் (கட்டம்) மேப். விளையாட்டில் உள்ள இனங்களில் திராவிடர்கள் மட்டும். 'இது நடந்தால் அது நடக்கட்டும்' என்று வைக்கும் ட்ரிக்கர் 30க்கு மேல் போகக் கூடாது. தண்ணீர் டைல் ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஆனால் கதையோ ஆற்றுத் தண்ணீர் கடைசி வயலுக்குப் போய்ச் சேருவது. தண்ணீர் இல்லாமல் தண்ணீரைக் காட்டு என்பதுதானே சவால்! முதல் பரிசு வாங்கிய தலைமடையின் மேப்பில் கல்லணையிலிருந்து கிழக்குக் கோடி வரை ஷாலோஸ் பளபளவென்று கிடக்கிறது. ஒரு கப்பலைக் கொண்டுவந்து விட்டால் அதன்மேல் ஜம்மென்று போகும். கப்பல் போகிற இடம் தண்ணீர் இல்லையா?

தலைமடை:
அண்ணே, என் மேப்பில் கப்பலே கிடையாது. துறைமுகமும் கிடையாது. திராவிடர் படையின் உருமி வீரன் கணுக்கால் நனைய நடந்து வருகிறான். ஆள் நடந்தால் தரை.

கடைமடை:
கணுக்கால் நனைய என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். எதில் நனைகிறது தம்பி?

வெண்ணாறு:
முதலில் தண்ணீர் டைல் என்றால் எதுவெல்லாம் என்று விதியில் ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். இனிமேலாவது மேப் உருவாக்கும் எடிட்டரில் இருக்கும் டைல் பெயர்களைப் பட்டியலாகப் போட்டுவிடலாமே.

கடைமடை:
பட்டியல் எதற்கு? கப்பல் போகுமா, போகாதா? அவ்வளவுதான் கேள்வி. நான் மூன்று வாரம் உட்கார்ந்து, காய்ந்த மண் டைலில் ஆற்றை வரைந்தேன். மதகுக்கு ஒரு வாயில் வைத்தேன். வாயிலை நீக்கும் ட்ரிக்கர் விளைவு நடந்ததும் ஐந்து விநாடிக்கு ஒரு தடவை அடுத்த துண்டு மண்ணில் புல்லும் செடியும் முளைக்கும். மேற்கே பச்சை பிடித்து, வளைவில் கொஞ்சம் தயங்கி, கிழக்கே வந்து சேரும்போது கடைசி வயலில் கிழவன் ஒருவன் எழுந்து நடப்பான். ஒரு சொட்டு நீலம் கிடையாது. பார்த்தவர்களுக்குத் தண்ணீர் வந்த மாதிரியே இருந்தது. அதுதான் கட்டுப்பாட்டுக்குள் வேலை செய்வது. தூரிகையை எடுத்து ஷாலோஸ் பூசுவதற்கு இரண்டு நிமிடம் போதும்.

குடமுருட்டி:
அந்தப் பச்சை நகர்ந்து வருகிற இடம் எனக்குப் புல்லரித்தது, உண்மை. லுடும் டேர் என்ற விளையாட்டு உருவாக்கும் போட்டி 2002ல் தொடங்கியது. அதில் தனியாளாக இறங்குகிறவருக்கு 48 மணி நேரம்தான், படம், இசை எல்லாம் அவரே செய்ய வேண்டும். அந்த நெருக்கடியில்தான் புதுசு பிறக்கிறது. நெருக்கடியைத் தாண்டிக் குதித்தால் போட்டி எதற்கு?

தலைமடை:
அண்ணன் ட்ரிக்கர் கணக்கையும் கொஞ்சம் சொல்லட்டும். 30 என்று விதி. ஒவ்வொரு ட்ரிக்கருக்குள்ளும் நாற்பது ஐம்பது விளைவுகளைத் திணித்திருக்கிறார். நான் எடிட்டரில் திறந்து பார்த்துவிட்டேன்.

கடைமடை:
விதி ட்ரிக்கரை எண்ணச் சொன்னது. விளைவை எண்ணச் சொல்லவில்லை. எழுதியிருப்பதுதான் விதி.

தலைமடை:
உங்களுக்கு மட்டும் எழுத்து, எங்களுக்கு உள்நோக்கமா? நல்ல நியாயம். போன பொங்கல் போட்டியில் உங்களுக்கு ஆறுதல் பரிசுகூட வரவில்லை, அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

கடைமடை:
பொங்கல் போட்டியை இழுக்காதீர்கள். இப்போது பேச்சு ஷாலோஸ். கப்பல் போகும். போகிறதா இல்லையா?

கொள்ளிடக்கரை:
எனக்கு இந்த நிபந்தனையே பிடிக்கவில்லை. 240க்கு 240 மேப்பைக் கொடுங்கள், முழு டெல்டாவையும் போட்டுக் காட்டுகிறேன். 1999ல் வந்த விளையாட்டு, 2022ல்தான் திராவிடர்கள் வந்தார்கள், இராஜேந்திரன் பெயரில் ஒரு கேம்பைனும் (தொடர்கதை ஆட்டம்) வந்தது. திரிசடை என்று தனிக் கப்பலே கொடுத்திருக்கிறார்கள். சோழனைக் கடல் இல்லாமல் காட்டச் சொல்வது கையைக் கட்டிவிட்டு நாற்று நடச் சொல்வது போல இருக்கிறது.

கடைமடை:
240 கொடுத்தால் பாதி மேப்பில் மரத்தைக் கொட்டி நிரப்புவீர்கள். உங்கள் போன மேப்பைப் பார்த்தவன் சொல்கிறேன். கரிகாலன் கையில் சிமெண்டா இருந்தது? கல்லும் களிமண்ணும்தான், கீழே ஆற்று மணல். அதை வைத்துக்கொண்டுதான் கல்லணை நின்றது.

கொள்ளிடக்கரை:
மரத்தை ஏன் கொட்டினேன் என்று கேட்டீர்களா? அது தில்லை வனம்!

வெண்ணாறு:
டைல் பட்டியல் பற்றி யாராவது பதில் சொல்லுங்கள்.

கடைமடை:
தலைமடைக்காரர்கள் பழக்கமே இதுதான். கல்லணையில் திறந்த தண்ணீரை முதலில் நீங்கள் பாய்ச்சிக்கொள்வீர்கள், எங்கள் பக்கம் வருவதற்குள் நாற்று காய்ந்துவிடும். மேப்பிலும் அதே கதை.

தலைமடை:
இது அநியாயமான பேச்சு. 2022ல் ஜூன் 12 வரை காத்திருக்காமல் மே 24லேயே மேட்டூரைத் திறந்தார்கள். அதற்காக எங்கள் வாய்க்காலில் அன்றைக்கே தண்ணீர் வந்துவிட்டதா? நாங்களும் முறை வைத்துத்தான் பாய்ச்சுகிறோம். என் அப்பா இராத்திரி டார்ச்சோடு மதகில் படுத்த கதை உங்களுக்குத் தெரியாது.

குடமுருட்டி:
மேட்டூரை விடுங்கள். அண்ணன் மேப்பை இன்னும் ஒரு தடவை எல்லோரும் ஓட்டிப் பாருங்கள், வளைவில் அந்தப் பச்சை தயங்குகிற இடத்துக்காகவாவது.

தலைமடை:
பார்த்துவிட்டேன். நன்றாக இருக்கிறது. ஆனாலும் ஷாலோஸ் தரைதான்.

கடைமடை:
அந்தத் தரையில் ஒரு வீடு கட்டிக் காட்டுங்கள். கட்ட முடியாது, விளையாட்டே விடாது. நாளைக்கு அதே மேப்பில் ஒரு திரிசடையை விட்டு, மேற்கிலிருந்து கிழக்கு வரை ஓட்டி வீடியோ எடுத்துப் போடுகிறேன்.

தலைமடை:
போடுங்கள். பக்கத்திலேயே என் உருமி வீரனும் நடந்து வருவான், அவனை வெட்டிவிடாமல் முழுசாகப் போடுங்கள்.