1882 சட்டம் யாருக்காக வந்தது?

மரகதம்:
மணமான பெண்ணுக்குச் சொத்துரிமை தந்த 1882ஆம் ஆண்டுச் சட்டத்தை இங்கிலாந்துப் பெண்களுக்கு வந்த பெரிய விடிவு என்று இங்கே பலர் எழுதுகிறீர்கள். சொத்து இருந்தவளுக்குத்தானே சொத்துச் சட்டம்? பஞ்சாலையில் உழைத்தவளுக்கு அதில் என்ன கிடைத்தது?

செல்வன்:
தலைகீழாகச் சொல்கிறீர்கள். பணக்கார வீட்டுப் பெண்ணுக்கு அந்தச் சட்டம் அவ்வளவாகத் தேவைப்படவில்லை. கல்யாணத்துக்கு முன்பே அப்பா வக்கீலை வைத்து, அவளுக்காகச் சொத்தைப் பார்த்துக்கொள்ளும் அறங்காவலர் பெயரில் சொத்தை எழுதிவிடுவார். மாப்பிள்ளை கைவைத்தால், இப்படிப்பட்ட அறக்கட்டளை வழக்குகளை விசாரித்த லண்டன் சான்சரி நீதிமன்றம் தடுக்கும். பத்திரம் எழுத வழியில்லாதவள்தான் மாட்டிக்கொண்டாள். அவள் வாரக்கூலி சட்டப்படி புருஷனுடையது. அந்தச் சம்பாத்தியத்தை அவளுக்கே ஆக்கியது 1870 சட்டம். 1882 அதன் தொடர்ச்சிதான்.

தேன்மொழி:
செல்வன், மேல்தட்டுப் பெண்களும் தப்பவில்லை. எழுத்தாளர் கரோலின் நார்ட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். 1836இல் அவர் கணவர், பிரதமர் மெல்போர்ன் மீது கள்ளத்தொடர்பு வழக்குப் போட்டார். ஜூரிகள் இடத்தைவிட்டு எழாமலே மெல்போர்னுக்குச் சாதகமாகச் சொல்லிவிட்டார்கள். ஆனால் கரோலின் அந்த வழக்கில் கட்சிக்காரரே இல்லை, வாய்திறக்க வழியில்லை. மூன்று மகன்களும் கணவரிடமே. கரோலின் புத்தகம் எழுதிச் சம்பாதித்த காசுக்கும் கணவரே சொந்தக்காரர். கரோலின் போராடித்தான், ஏழு வயதுக்குட்பட்ட குழந்தையைத் தாய் கேட்கலாம் என்று 1839இல் சட்டம் வந்தது. பிள்ளைகளோ ஸ்காட்லாந்தில். அங்கே அது செல்லாது! கடைசி மகன் 1842இல் குதிரையிலிருந்து விழுந்து காயப்பட்டு இறந்தபோது தாய் பக்கத்தில் இல்லை. எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் மனசு ஆறுவதில்லை.

மரகதம்:
அந்த 1839 சட்டத்துக்கும் சான்சரியில்தான் மனுப் போடணும். எந்தக் கூலிக்காரி போவாள்? 1857 விவாகரத்துச் சட்டத்தில் கணவனுக்கு மனைவியின் கள்ள உறவைக் காட்டினால் போதும். மனைவி அதோடு கொடுமையையோ கைவிட்டதையோ சேர்த்துக் காட்டணும். நீதிமன்றமும் லண்டனில்தான்.

செல்வன்:
சரி, அதே 1857 சட்டத்தில் இன்னொன்றும் இருக்கிறது. விட்டு ஓடிய கணவன் திரும்பிவந்து கூலியைப் பிடுங்காமலிருக்க, உள்ளூர் மாஜிஸ்திரேட்டிடமே பாதுகாப்பு ஆணை வாங்கலாம். 1878இல், மனைவியைக் கடுமையாகத் தாக்கித் தண்டனை பெற்றவனிடமிருந்து பிரிந்து வாழவும் ஜீவனாம்சம் வாங்கவும் மாஜிஸ்திரேட்டே ஆணையிடலாம் என்று வந்தது. இதெல்லாம் பங்களாக்காரிகளுக்கா?

மரகதம்:
அந்த ஆணைக்கும் இனிமேல் அவளுக்கு ஆபத்து என்று மாஜிஸ்திரேட்டுக்குத் தோன்றணும். அவள் மீது கள்ள உறவு நிரூபணமானால் ஜீவனாம்சம் போச்சு. அப்புறம், அது பிரிவு ஆணைதான், விவாகரத்து இல்லை. அதை மட்டும் வைத்து அவள் இன்னொருவனை மணக்க முடியாது.